பொந்து அடைக்கும் வீராசாமி

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்கு வந்து கமலவேணி வீடு எது என்று கேட்டால், "அந்த வாய்க்காரம்மாவா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி காட்டுவார்கள். பொய் இல்லை. தண்ணீர்க் குழாயிலும் சரி, ரேஷன் கடையிலும் சரி, நான் பேசி அடங்காத ஆள் கிடையாது. அப்படிப்பட்டவள், பேச வேண்டிய ஒரு விஷயத்தில் மூன்று வருஷம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். அதனால் வீராசாமி என்கிற மனுஷனின் பிழைப்பு போயிற்று. அவரைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

வீராசாமி ஓடு மாற்றுகிறவர். ஆனால் அவரை எங்கள் பக்கம் கூப்பிடுவது அணிலுக்காகத்தான். தறி இருக்கிற வீட்டில் அணில் நுழைந்தால் என்ன ஆகும் என்று தறி இல்லாதவர்களுக்குத் தெரியாது. ராமர் தடவிக்கொடுத்த முதுகு, வாலைத் தூக்கிக்கொண்டு ஓடினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். குட்டி போட இடம் தேடி அது ஓட்டுச் சந்துக்குள் நுழையும். கூட்டுக்கு மெத்தை வேண்டும். கீழே தறியில் பட்டுப் பாவு நூல் நீளமாக விரிந்து கிடக்கும். அதைவிட நல்ல மெத்தை அதற்கு எங்கே கிடைக்கப்போகிறது? ஒரு கடியில் நாற்பது இழை போகும். அறுந்த ஒவ்வொரு இழையையும் விரலில் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்க வேண்டும். கண் பூத்துப் போகும். அடித்துக் கொல்லவும் முடியாது, அணிலைக் கொல்வது பெரிய பாவம் என்று சொல்லியே வளர்த்துவிட்டார்கள். ஆகவே வீராசாமிக்கு ஆள் அனுப்புவோம்.

அவர் வேலை செய்கிற விதம் எனக்கு எரிச்சலாக இருக்கும். வந்த உடனே எதிலும் கை வைக்க மாட்டார். முதல் நாள் முழுக்கப் பின்கட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூரையையே பார்த்துக்கொண்டிருப்பார். "இன்னா வீராசாமி, சினிமா ஓடுதா மேல?" என்பேன். சிரிப்பார். எந்தச் சந்து வழியாக அணில் போகிறது, எந்தச் சந்து வழியாக வருகிறது, வாயில் என்ன கவ்வியிருக்கிறது என்று எல்லாம் பார்ப்பார். நார் கவ்விக்கொண்டு போனால் இப்போதுதான் கூடு கட்டுகிறது என்பார். வெறும் வாயோடு அடிக்கடி உள்ளே ஓடினால் குட்டி போட்டுவிட்டது என்பார். சாயங்காலம் பொந்து வாயில் கோலமாவு தூவிவிட்டுப் போய், மறுநாள் வந்து கால் தடம் பார்ப்பார். உள்ளே குட்டி இருந்தால், அது கண் திறந்து தானாக வெளியே ஓடுகிற வரைக்கும் வீட்டுக்காரரைக் காக்க வைப்பார். எல்லாம் வெளியே போயிற்று என்று உறுதியான பிறகு இரும்பு வலையை மடித்துச் செருகி, மேலே கலவை பூசி, கூரைமேல் சாய்ந்திருக்கும் முருங்கைக் கிளையையும் வெட்டிவிட்டுப் போவார். அவர் அடைத்த பொந்தில் அணில் மறுபடி நுழைந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

வலையைக் கையில் எடுப்பதற்கு முன்னால் வீட்டுப் பெண்களிடம் ஒரு கேள்வி கேட்பார். "வூட்ல யாராச்சும் முழுகாம இருக்காங்களாமா?" மாசமாக ஒருத்தி இருக்கிற வீட்டில் பொந்து அடைக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். மற்ற கொத்தனார்கள் இதைக் கேட்க மாட்டார்கள், நாமாகச் சொன்னால்தான் உண்டு. இவர் கேட்டுவிட்டுத்தான் தொடுவார். ஆமாம் என்று சொன்னால், "புள்ள பொறக்கட்டும்மா, அப்பால வரேன்" என்று ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்.

அதற்குக் காரணம் இருந்தது. வாலாஜாபாத் போகிற வழியில் ஒரு காலனியில் அவர் வீடு. அவருடைய அப்பா ஊரார் நிலத்தில் கூலிக்குப் போனவர். இவர் பதினைந்து வயசில் ஓடு சுமக்கப் போய், பிறகு கூரை ஏறக் கற்றுக்கொண்டார். மனைவி மரியம்மாள் சர்ச்சுக்குப் போகிறவர். கல்யாணமான வருஷம் அந்தம்மாள் ஐந்து மாசமாக இருந்தபோது, அடுப்புக்குப் பின்னால் இருந்த எலி வளையை வீராசாமி களிமண் வைத்து அடைத்தாராம். அந்த வாரமே கரு கலைந்துவிட்டது. அதெல்லாம் இல்லை என்று பாஸ்டர் எவ்வளவோ எடுத்துச் சொல்லியிருக்கிறார். மரியம்மாளும் சொல்லியிருக்கிறார். இவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வார். ஆறு வருஷம் கழித்து ஜோதிகா என்று ஒரே பெண் பிறந்தாள். அந்த எலி வளை மட்டும் அவர் மனசை விட்டுப் போகவில்லை. இதை ஒரு தடவை கிளை வெட்டிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

அப்போதெல்லாம் நான் அவரை நீ, வா, போ என்றுதான் பேசுவேன். என்னைவிட இரண்டு வயசு மூத்தவர். காபி கொடுத்தால் காகித டம்ளரில்தான் கொடுப்பேன், வீட்டு டம்ளரை எடுத்ததில்லை. ஏன் என்று கேட்டால் கழுவுகிற வேலை மிச்சம் என்று சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வருகிற மற்ற யாருக்கும் அப்படி மிச்சம் பிடித்ததில்லை என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

மூன்று வருஷத்துக்கு முந்திய ஆடி மாசம். என் மகன் குமரன் தறியில் ஆவணி முகூர்த்தத்துக்கு அரக்குப் புடவை ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஒரே வாரத்தில் அணில் இரண்டு தடவை பாவைக் கடித்தது. குமரன் இராட்டையைக் காலால் உதைத்துவிட்டுப் போய் வெளியே உட்கார்ந்துவிட்டான். அவன் மனைவி கலைவாணி அப்போது மூன்றாவது மாசம். அதற்கு முன்னால் இரண்டு தடவை அவளுக்குத் தங்கவில்லை. ஊருக்கு முன்கூட்டியே சொல்லித்தான் கண் பட்டுப் போயிற்று என்று நான் நம்பினேன். ஐந்து மாசம் ஆகிற வரைக்கும் மூச்சு விடக் கூடாது என்று அவளிடமும் குமரனிடமும் சத்தியம் வாங்காத குறை. எதிர் வீட்டுப் புவனேஸ்வரி என் கூடப் பிறக்காத தங்கச்சி மாதிரி, அவளுக்கே சொல்லவில்லை.

வீராசாமி வந்தார். வழக்கம்போல ஒரு நாள் உட்கார்ந்தார். மறுநாள் ஏணி போட்டு ஓட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

"மூணு குட்டி இருக்குதும்மா. இன்னும் கண்ணு தொறக்கல. ஒரு மாசம் போவட்டும்."

"ஒரு மாசமா? அதுக்குள்ள என் புள்ள தறியில பாவு இருக்காது, வெறும் கட்டைதான் இருக்கும். இன்னிக்கே முடிச்சிக் குடு. முடியலன்னா சொல்லு, வேற ஆள பாத்துக்கறேன்."

வேறு ஆள் என்றால் அவன் குட்டிகளைச் சாக்கில் போட்டு எறிந்துவிடுவான். அது அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு ஒரு பழைய பனங்கூடை கேட்டு வாங்கி, கூட்டைக் கலையாமல் அப்படியே குட்டிகளோடு அதில் எடுத்து வைத்து, பின்கட்டு வேப்பமரக் கிளையிடுக்கில் கட்டினார். கூட்டில் முக்கால் வாசி குமரன் தறிப் பட்டு. மத்தியானத்திலிருந்து மரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தாய் அணில் வந்தது, கத்தியது, கூரைக்கும் மரத்துக்கும் நாலு தரம் ஓடியது. கடைசியில் ஒவ்வொரு குட்டியாகக் கவ்விக்கொண்டு தோப்புப் பக்கம் போயிற்று. மூன்றாவது குட்டியும் போன பிறகுதான் எழுந்து கலவை குழைத்தார்.

வலையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ ஏறு" என்றேன்.

"நெசமாவாமா? உங்க மருமவ..."

"நான் இன்னா உன்கிட்ட பொய் சொல்லுவனா வீராசாமி? பொழுது போவுது, ஏறுபா."

ஏறினார். இருட்டுவதற்குள் முடித்துவிட்டுப் போனார்.

சரியாகப் பத்தாம் நாள் கலைவாணிக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தங்கவில்லை. மூன்றாவது தடவை என்பதால் டாக்டரம்மா ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ரத்தம் உறைவதில் ஏதோ கோளாறு, முந்தின இரண்டும் அதனால்தான் போயிருக்கும், அடுத்த தடவை ஆரம்பத்திலேயே ஊசி போட்டுக்கொண்டால் பிள்ளை நிற்கும் என்று சொன்னார்கள். "யார் மேலயும் தப்பு இல்லமா" என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். இதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் புவனேஸ்வரி ஓடி வந்தாள். "எத்தினி மாசம் அக்கா? எங்கிட்ட கூட சொல்லலியே" என்று அழுதாள். மூன்று முடிந்து நாலு என்றேன். அவள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"அப்ப அந்த வீராசாமி வந்து பொந்து அடைச்சப்ப கலைவாணி மாசமாவா இருந்துச்சு? அடப்பாவி மனுஷா. ஒரு வார்த்த கேட்டுட்டு செய்ய வேணாவா?"

கேட்டார், நான்தான் இல்லை என்று சொன்னேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். உள் அறையில் கலைவாணி படுத்திருக்கிறாள், மாமியார் சொன்ன பொய்யால் பிள்ளை போயிற்று என்று அவள் காதில் விழ வேண்டாம் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பயம். டாக்டரம்மா சொன்னதையாவது சொல்லியிருக்கலாம். மருமகள் ரத்தத்தில் குறை என்று தெருவுக்குச் சொல்வதா என்று கௌரவம் தடுத்தது. அதையும் விழுங்கிவிட்டேன்.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? ஒரே வாரத்தில் அவருக்குக் கைராசி இல்லை என்று பேர் கட்டிவிட்டார்கள். மேலத்தெருத் திருஞானசம்பந்தம் ஓடு மாற்ற வரச் சொல்லியிருந்தார். ஏணியோடு வந்தவரை அவர் வீட்டம்மாள் வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். ஒரு வீட்டில் மருமகள், இன்னொரு வீட்டில் மகள், யாராவது ஒருத்தி மாசமாகத்தானே இருப்பாள்? இல்லாவிட்டால் நாளைக்கு ஆகப்போகிறவளாக இருப்பாள். முப்பது வருஷமாகக் கேட்டுக் கேட்டு வேலை செய்தவரைக் கேட்காமல் செய்தவர் என்று ஒதுக்கிவிட்டார்கள். யாராவது நம்மவர் செய்திருந்தால் போகட்டும் விடு என்று விட்டிருப்பார்கள் என்றும் எனக்குத் தோன்றும். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்.

நடுவில் ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஏணி இல்லை.

"பொண்ணு எப்டிமா இருக்குது?"

"இருக்கா" என்றேன்.

என் முகத்தையே பார்த்தார். இப்போது கேட்கப்போகிறார், தெருவே கேட்கிற மாதிரிக் கேட்கப்போகிறார் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒடம்ப பாத்துக்க சொல்லுங்கமா" என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாடா என்று இருந்தது எனக்கு. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்தது வசதியாகவும் இருந்தது. கலைவாணி மறுபடி உண்டானாள். தினமும் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டாள். போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. இந்த வருஷம் முதல் பிறந்த நாளுக்குப் பாவாடை எடுக்க நானும் அவளும் பெரிய காஞ்சிபுரத்துக் கடை ஒன்றுக்குப் போனோம். துணி எடுத்துப் போட்ட பெண் என்னைப் பார்த்து, "பிள்ளையார்பாளையம் அம்மாதான? நான் ஜோதிகா, வீராசாமி பொண்ணு. சின்னதுல அப்பா கூட உங்க வூட்டுக்கு வந்திருக்கேன்" என்றாள்.

"அப்பா எப்டி இருக்காருமா?" என்று கேட்டேன்.

"இருக்காரு. ஏணிய வித்துட்டாரு. இப்ப வாலாஜாபாத் ரைஸ்மில்லுல வாட்ச்மேன்." குழந்தையைப் பார்த்து முகம் மலர்ந்தாள். "பாப்பா பொறந்துடுச்சா? அப்பாகிட்ட சொன்னா ரொம்ப சந்தோஷப்படுவாரு. உங்க வூட்ட பத்தி கேட்டுக்கினே இருப்பாரு."

ஒரு குத்தல் இல்லை அவள் பேச்சில். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டுத் தூங்கியிருப்பேன். கலைவாணி பாவாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டு தலையைக் குனிந்தே இருந்தாள். நிறம் பிடிக்கவில்லை போல என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் யாரிடமும் சொல்லாமல் வாலாஜாபாத் பஸ் ஏறினேன். மில் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்துப்போயிருந்தார். மில் முற்றத்தில் அணில்கள் சிந்திய அரிசியைக் கொறித்துக்கொண்டு அவர் காலடி வரைக்கும் வந்து போயின. என்னைக் கண்டதும் பதறி எழுந்து நாற்காலியை என் பக்கம் தள்ளினார். நான் உட்காரவில்லை.

"வீராசாமி, அன்னிக்கு நீங்க கேட்டப்ப நான் பொய் சொன்னேன். கலைவாணி அப்ப மாசமா இருந்தா."

"தெரியும்மா" என்றார்.

"எப்ப தெரியும்?"

"புள்ள பூட்சுன்னு கேள்விப்பட்ட அன்னிக்கே. மூணு முடிஞ்சி நாலுன்னு தெருவுல சொன்னாங்க. நான் வந்து பத்து நாளுதான ஆச்சு."

"அப்ப ஏன் சொல்லல? உங்கள வாசல்ல நிக்க வெச்சு அனுப்புனாங்களே, அந்தம்மாகிட்ட சொல்லி இருக்கலாமே? நான் கேட்டேன், அவங்க பொய் சொன்னாங்கன்னு?"

"சொன்னா உங்க மருமவ காதுக்குப் பூடும்மா. மாமியா பொய் சொன்னதாலதான் புள்ள பூட்சுன்னு அதுக்குத் தோணிட்சுன்னா, அந்த வூட்ல அது எப்டிமா ஒரு வாய் சோறு துன்னும்? சின்ன பொண்ணு. அது வாழணும் இல்ல?" என்றார்.

நான் அங்கேயே மில் சுவரில் சாய்ந்து அழுதேன். அழுதுகொண்டே டாக்டரம்மா சொன்னது, ஊசி போட்டுக்கொண்டது, குழந்தை பிறந்தது எல்லாவற்றையும் சொன்னேன். பொந்துக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று சொன்னேன். கவனமாகக் கேட்டார்.

"அப்டின்னா எங்க மொத புள்ள போனதும் அதனாலதான் இருக்குமாமா?"

"இருக்கலாம் வீராசாமி."

"மரியம்மாளுக்கு அப்ப ரத்தம்லாம் யாரும் எடுத்துப் பாக்கல" என்று சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்ப வாருங்கள், தெருவில் எல்லார் முன்னாலும் நானே சொல்கிறேன், என் வீட்டிலேயே முதல் வேலை செய்யுங்கள் என்று கெஞ்சினேன். தலையை ஆட்டினார்.

"வேணாம்மா. இனிமே ஏணில கால் வெக்க முடியாது என்னால. நீங்க பொய் சொன்னதால கூட இல்ல. அணிலு வாயில நார் கவ்வி இருக்குதா, வெறும் வாயான்னு கண்டுபுடிக்கறேன். ரெண்டு நாளு அதே வூட்ல ஒக்காந்துக்கினு இருந்தேன். ஒரு பொண்ணு மாசமா இருக்கறத கண்டுபுடிக்கத் தெரியலியே எனக்கு." கொஞ்சம் சிரித்தார். "அணிலு அரிசி துன்னுதுன்னு மொதலாளி இங்க கூட பொந்த அடைக்க சொன்னாரு. வேலையே போனாலும் நான் செய்ய மாட்டன்னு சொல்லிட்டேன். துன்னட்டும், வுடுங்க."

கிளம்பும்போது, "மருமவகிட்ட மட்டும் எதுவும் சொல்லிக்காதீங்கமா" என்றார்.

அந்தப் பேச்சை நான் கேட்கவில்லை. எத்தனை நாளைக்குத்தான் மூடி வைப்பது? வீட்டுக்கு வந்ததும் கலைவாணியை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். வீட்டை விட்டுப் போகிறேன் என்று சொல்வாள், முகத்தில் காறித் துப்புவாள், எதுவானாலும் வாங்கிக்கொள்கிறேன் என்றுதான் உட்கார்ந்தேன். அவள் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டாள்.

"எனக்குத் தெரியும் அத்த" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"அவர் கேட்டதும் தெரியும், நீங்க இல்லன்னதும் தெரியும். நான் சமையல் ரூம்ல காய் அரிஞ்சிக்கினு இருந்தேன். ஓடி வந்து சொல்லிடலாம்னு கதவு வரைக்கும் வந்தேன். நீங்க கோச்சுக்குவீங்கன்னு நின்னுட்டேன்."

"அப்புறம் தெருவே அவர பேசுச்சே, அப்பவாச்சும்..."

"அப்ப எனக்கு ஒரு மாதிரி நிம்மதியா இருந்துச்சு அத்த." அவள் குரல் உடைந்தது. "மூணு தடவ போச்சு. ராசி இல்லாதவன்னு என்னைச் சொல்லுவாங்கன்னு பயந்துக்கினு படுத்திருந்தேன். அவரைச் சொன்னாங்க. சொல்லட்டும்னு இருந்துட்டேன். நேத்து ஜோதிகா மூஞ்சிய என்னால பாக்க முடியல."

அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இரண்டு பேரும் அழுதோம். மறுநாள் காலையில் குழாயடியில் நான் எல்லார் காதிலும் விழும்படி நடந்ததைச் சொன்னேன். புவனேஸ்வரி குடத்தை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டே, "விடுக்கா, எப்பவோ நடந்தது" என்றாள். மற்றவர்கள் தண்ணீர் நிற்பதற்குள் பிடிக்க வேண்டும் என்ற அவசரத்தில் இருந்தார்கள். அவரைக் கூப்பிடு என்று யாரும் சொல்லவில்லை. கூப்பிட்டாலும் அவர் வரப்போவதில்லை.

ஜோதிகாவைக் கடையில் பார்க்கும்போதெல்லாம் அப்பா உங்களை வரச் சொன்னார், பாப்பாவையும் மருமகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நாள் வரச் சொன்னார் என்கிறாள். கலைவாணிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அவர் பழியைச் சுமந்துகொண்டு மூன்று வருஷம் பேசாமல் இருந்தார். அவளுக்கு அன்றைக்கே தெரியும். அதை அவரிடம் போய்ச் சொல்வதா, சொல்லாமலே விடுவதா என்று எனக்குத் தெரியவில்லை. இதுவரைக்கும் நாங்கள் போகவில்லை.